சொல்லிவிட்டுப் போனதுதான் தப்பு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றுவரை எனக்குத் தடுமாற்றம்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன ஆள் நான். வேலையில் இருந்த இருபத்தைந்து வருடமும் நான் எழுதியதெல்லாம் படிவத்தில் ஒரு வரி, இரண்டு வரி. இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. தட்டச்சு செய்கிறவர்கள் தயவுசெய்து பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டாம்.

எங்கள் ஆய்வு நிலையம் சேலத்தில் இருக்கிறது. சேலம், நாமக்கல் பக்கத்துத் தொழில்களில் ஒரு புதுமுறை எப்படி வருகிறது, யார் தொடங்குகிறார், அடுத்த ஊருக்கு அது எப்படிப் போகிறது, அதனால் மண்ணும் தண்ணீரும் கெடாமல் தப்புகின்றனவா என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. காகிதத்தில் அதற்கு வட்டாரப் புத்தாக்கம், பசுமைப் பொருளாதாரம் என்று பெயர். நான் களப்பணியாளர். பைக்கிலும் பஸ்ஸிலும் போய்ப் பார்த்து, கேட்டு, படிவம் நிரப்பிக் கொண்டுவருகிறவன்.

ஜவ்வரிசி ஆலைகளைப் பற்றிய எங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. ‘இந்த ஆய்வின் படிவங்கள் இரண்டு முறை எடுக்கப்பட்டன.’ புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, ஏன் இரண்டு முறை என்று என்னிடம் வந்து கேட்பார்கள். டீ குடிக்கப் போகிறேன் என்று நழுவிவிடுவேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. இந்த வருடம் நான் ஓய்வு பெற்ற அன்றும் கேட்டார்கள். எழுதித் தருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

நிலையத்தில் சேருவதற்கு முன்னால் நானும் ஒரு ஜவ்வரிசி ஆலையில்தான் வேலை செய்தேன். மரவள்ளிக் கிழங்கை அரைத்து வரும் பால், தொட்டியில் மாவாகப் படியும். அந்த மாவை வெட்டி எடுப்பது என் வேலை. ஒருநாள் ஒரு அம்மா நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். அவர்தான் நிலையத்தில் ஆய்வு நடத்துகிற டாக்டர் மரகதம். நாங்கள் எல்லோரும் மேடம் என்போம். கழிவுத் தண்ணீரை என்ன செய்கிறீர்கள் என்று முதலாளியைக் கேட்டார். தென்னை மரத்துக்குப் பாய்ச்சுகிறோம் என்றார் முதலாளி. தொட்டிக்குள் நின்றிருந்த நான் என்னையும் அறியாமல் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டேன். மேடம் அதைப் பார்த்துவிட்டார். போகும்போது என் பக்கம் வந்து, “ஏன் தலையை ஆட்டினீங்க?” என்றார். வேலை முடிந்ததும் கூட்டிக்கொண்டு போய், தண்ணீர் ஓடிப்போய் விழுகிற ஓடையைக் காட்டினேன். அவ்வளவுதான். அடுத்த மாதம் நிலையத்தில் எனக்கு வேலை.

பழகியது மூன்று மாதம். படிவத்தை எப்படிப் பிடிப்பது, கேள்வியை எப்படி மாற்றாமல் கேட்பது, பதிலை நம் சொல்லில் எழுதாமல் அவர்கள் சொல்லில் எழுதுவது, இவைதான் பாடம். ஒவ்வொரு பதிலுக்கும் ஓரத்தில் ஓர் எழுத்து போட வேண்டும். நான் கண்ணால் பார்த்தது என்றால் ‘பா’. அவர்கள் சொல்லிக் கேட்டது என்றால் ‘கே’. ஓரத்தில் எழுத்து இல்லாத பதிலை மேடம் படிக்கவே மாட்டார்.

மேடம் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. திருச்சிப் பக்கத்துக்காரர். மெதுவாகப் பேசுவார். படிவத்தை எப்போதும் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் நோக்கிப் படிப்பார். ஏன் மேடம் என்று ஒருநாள் கேட்டேன். “முதல் பக்கம் எழுதும்போது எல்லாரும் உஷாரா இருப்பாங்க. கடைசிப் பக்கத்துலதான் அசந்துபோவாங்க. அசந்துபோன இடத்துல இருந்து ஆரம்பிச்சா மத்தது தெரிஞ்சிடும்” என்றார். சந்தேகம் வந்தால் கையிலிருக்கும் பென்சிலைச் சீவ ஆரம்பிப்பார். கூர்மையாக இருந்தாலும் சீவுவார். அந்தச் சத்தம் கேட்டால் என் படிவத்தில் எங்கோ தப்பு என்று அர்த்தம்.

ஒரு சமயம் சங்ககிரியில் லாரிகளைப் பற்றி ஆய்வு. கேபின் மேலே சாய்வாக ஒரு தகடு வைத்தால் காற்று முட்டாது, டீசல் குறையும் என்று சில வண்டிகளில் வைத்திருந்தார்கள். யார் முதலில் வைத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். பட்டறைக்குப் பட்டறை, “நான்தானுங்க மொதல்ல வெச்சது” என்றார்கள். ஒரு மேஸ்திரி, “என் மச்சானக் கேளுங்க, சாட்சி சொல்லுவான்” என்றார். மச்சான் வேறு பட்டறைக்காரர். அவரும் தான்தான் முதல் என்றார். எங்கே பார்த்து வைத்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டுப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். ஒரு மாதம் ஆனது. கடைசியில் முன்பு தகர வேலை செய்த ஒருவரிடம் போய் நின்றது. அவர் அந்தத் தொழிலையே விட்டுவிட்டு இளநீர் விற்றுக்கொண்டிருந்தார். “அதையெல்லாமா எழுதுவீங்க?” என்று சிரித்தார். நான் அதை எழுதிக் கொடுத்தபோது மேடம் பென்சிலைச் சீவவில்லை. அதன் பிறகு கஷ்டமான இடங்களுக்கு என்னைத்தான் அனுப்புவார்.

இனி அந்த ஜவ்வரிசி ஆலை விஷயம்.

ஆலையின் கழிவுத் தண்ணீர் பொல்லாத நாற்றம் அடிக்கும். ஓடையில் விட்டால் கிணறு கெடும். அந்தத் தண்ணீரை மூடிய பெரிய தொட்டியில் தேக்கி வைத்தால், உள்ளே இருக்கும் நுண்கிருமிகள் அதைத் தின்று எரிவாயுவாக மாற்றும். அந்த வாயுவைக் குழாய் வழியாகக் கொண்டுபோய் பாய்லரில் எரிக்கலாம். விறகு மிச்சம். வெளியே போகும் தண்ணீரும் பாதி சுத்தமாகிவிடும். கேஸ் பிளாண்ட் என்று இங்கே சொல்வார்கள். பல ஆலைகளில் கட்டியிருந்தார்கள். அவை எப்படி ஓடுகின்றன என்று பார்ப்பதுதான் ஆய்வு. எங்கள் அறிக்கையை வைத்து, எல்லா ஆலைகளிலும் இதே மாதிரி கட்டச் சொல்லலாமா என்று மேலே முடிவு செய்யப்போகிறார்கள் என்று மேடம் சொன்னார். சின்ன ஆலைக்காரர்கள் கடன் வாங்கிக் கட்ட வேண்டி வரும். அதனால் ஒவ்வொரு ஆலையையும் பார்த்தாக வேண்டும் என்றார்.

நான் ஒவ்வொரு ஆலையாகப் போனேன். போவதற்கு இரண்டு நாள் முன்னதாகப் போன் செய்து, “வெள்ளிக்கிழமை வாரேனுங்க” என்று சொல்லிவிடுவேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் இடத்துக்குத் திடீரென்று போய் நிற்பது மரியாதை இல்லை. அதிலும் நான் கூச்சப்படுகிற ஆள். முதலாளி வாசலில் நின்று, யார் நீ என்று கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். போன் செய்துவிட்டுப் போனால் வாங்க வாங்க என்பார்கள். மோர் கொடுப்பார்கள். வேலை சுலபம்.

எருமப்பட்டிக்கு மேற்கே சென்னியப்பன் என்பவரின் ஆலை. இந்தப் பக்கத்தில் முதன்முதலில் கேஸ் பிளாண்ட் கட்டியவர்களில் அவர் ஒருவர். அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. தன் தொட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். நான் போனபோது பாய்லரில் நீல ஜுவாலை நன்றாக எரிந்தது. கண்ணாலேயே பார்த்தேன். ‘தினமும் ஓடுகிறதா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதி, ஓரத்தில் ‘பா’ போட்டேன். மேடமும் ஒருநாள் போய்ப் பார்த்தார். அவருக்கும் நான்தான் போன் செய்து ஏற்பாடு செய்தேன். அந்த ஆலையின் படத்தையே அறிக்கையின் அட்டைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னியப்பனிடம் சொன்னபோது அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

படிவங்கள் முடிந்து, அறிக்கை அச்சகத்துக்குப் போயிருந்தது. அந்த நேரம் எருமப்பட்டி தாண்டி ஒரு ஊரில் என் சித்தப்பா வீட்டில் துக்கம் கேட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பகல் பதினோரு மணி இருக்கும். ஜன்னல் வழியாகச் சென்னியப்பன் ஆலையின் புகைப்போக்கி தெரிந்தது. அதிலிருந்து கன்னங்கரேலென்று புகை எழும்பிக்கொண்டிருந்தது.

வாயு எரிந்தால் அப்படிப் புகை வராது. அது எனக்குத் தெரியும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

காவல்காரர் என்னை அடையாளம் கண்டு உள்ளே விட்டார். முதலாளி நாமக்கல் போயிருக்கிறார் என்றார். பாய்லருக்குப் போனேன். அங்கே வேலை செய்கிறவர் சீமைக்கருவேல விறகை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். வாயுக் குழாயின் வால்வில் சிலந்தி வலை கட்டியிருந்தது. வலை நடுவில் சிலந்தியும் உட்கார்ந்திருந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் பதறினார். “இன்னைக்கு நீங்க வாரதாச் சொல்லவே இல்லீங்களே!”

“சொல்லியிருந்தா?” என்றேன்.

“சொல்லியிருந்தா ரெண்டு நாளைக்கு முன்னமே தொட்டி மேல கேஸ வெளிய விடற வால்வ மூடி வெச்சிருப்போமுங்க. கொஞ்சநஞ்சம் வார கேஸு சேந்துக்கும். நீங்க வாரப்ப ஒரு மணி நேரம் நல்லா எரியுமுங்க.”

“எல்லா ஆலையிலயும் அப்பிடித்தானா?”

“அது தெரியாதுங்க. ஆனா விருந்தாளி வாராங்கன்னா ஊட்டக் கூட்டி வெக்கறதில்லீங்களா? அது மாதிரித்தான்.”

அவர் பொய் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. விருந்தாளிக்கு வீடு கூட்டுகிற மாதிரிதான் அவர்களுக்கு அது. யாரும் என்னை ஏமாற்றவில்லை என்பது அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. போன் போட்டு, கூட்டி வையுங்கள் என்று சொன்னவனே நான்தான். ஒரு ஆலைக்கு மட்டும் இல்லை. எல்லா ஆலைக்கும் சொல்லியிருக்கிறேன். எல்லாப் படிவத்திலும் ஓரத்தில் ‘பா’ போட்டிருக்கிறேன்.

பஸ்ஸில் சேலம் வருகிறவரை ஒரே யோசனை. வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அறிக்கை வந்துவிடும், பாராட்டுவார்கள். ஓடாத பிளாண்டை ஓடுகிறது என்று நம்பிச் சின்ன ஆலைக்காரர்கள் கடன் வாங்கிக் கட்டுவார்கள். அதுவும் ஓடாது. ஓடைத் தண்ணீர் அப்படியே கெட்டுக்கொண்டிருக்கும். சொன்னால் என் வேலை போகும். ஐந்தாம் வகுப்பு படித்தவனை நம்பி அனுப்பியது தப்பு என்று மேடத்துக்கும் கெட்ட பேர் வரும். சேலம் பஸ் நிலையத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேராக நிலையத்துக்குப் போனேன். வீட்டுக்குப் போனால் மனசு மாறிவிடும் என்று பயம்.

மேடம் யாருடைய படிவத்தையோ கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார். நான் கதவருகில் நின்றேன்.

“சொல்லுங்க ராசு. துக்கத்துக்குப் போனீங்களே, எல்லாம் முடிஞ்சுதா?”

“மேடம், கேஸ் பிளாண்ட் படிவம் தப்புங்க.”

“எந்த ஆலை?”

“எல்லாமுங்க.”

பென்சிலைக் கையில் எடுத்தார். சீவினார். சீவிக்கொண்டே, “உக்காந்து சொல்லுங்க” என்றார். உட்கார முடியவில்லை. நின்றபடியே புகையிலிருந்து சிலந்தி வரை சொன்னேன். போன் செய்ததைச் சொன்னேன். மேடத்துக்காகவும் போன் செய்ததைச் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் பென்சில் பாதியாகிவிட்டது.

“வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாதுங்க.”

“அப்புறம் ஏன் சொல்றீங்க?”

நான் வாய் திறப்பதற்குள் அவர் போனை எடுத்து அச்சகத்தைக் கூப்பிட்டு, நிறுத்துங்கள், நான் சொல்லும்வரை ஒரு பக்கம்கூட அடிக்க வேண்டாம் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீங்க சொல்லிட்டுத்தான் போறீங்கன்னு எனக்குத் தெரியும் ராசு. எனக்கும் அது வசதியா இருந்துச்சு. அதனால கேக்கல. பாதித் தப்பு என்னோடது. சரி, எல்லா ஆலைக்கும் திரும்பப் போகணும். சொல்லாம போகணும்.”

“வேற ஆள அனுப்புங்க மேடம். என்னால முடியாதுங்க.”

“போன் பண்ணின ஆள்தான் போன் பண்ணாம போகணும். வேற ஆள் போனா அவங்க மேல தப்புன்னு ஆயிடும். நீங்க போனா நம்ம மேல தப்புன்னு அவங்களுக்கே தெரியும்.”

அப்படித்தான் இரண்டாம் முறை தொடங்கியது. முதல் வாரம் ஆலை வாசல் வரை போய்விட்டு, எதிர்ப்பக்கக் கடையில் இரண்டு டீ குடித்த பிறகுதான் உள்ளே போவேன். போகப் போக ஒரு முறை உண்டானது. அதைப் பிள்ளைகளுக்காக விவரமாகச் சொல்கிறேன். வாசலுக்கு நேரே போகக் கூடாது. முதலில் மதிலைச் சுற்றி நடக்க வேண்டும். புகைப்போக்கியின் நிறத்தையும், வெளியே வரும் சாக்கடையையும் பார்க்க வேண்டும். தண்ணீர் வெள்ளையாகப் புளித்த நாற்றத்தோடு வந்தால் தொட்டி வேலை செய்யவில்லை. பிறகு உள்ளே போனதும் விறகுக் குவியலைவிடச் சாம்பல் குவியலைப் பார்க்க வேண்டும். விறகை மறைத்து வைக்கலாம். சாம்பல் புதிதா பழையதா என்பது தொட்டால் தெரிந்துவிடும். வால்வைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்புறம் பாய்லர் வேலையாளிடம் பேச வேண்டும். முதலாளியிடம் போவது கடைசியில். போனதும் முதல் வார்த்தையாக, “போன தடவை சொல்லிட்டு வந்தது என் தப்புங்க. இந்தத் தடவை பாத்தத மட்டும் எழுதறேனுங்க” என்று சொல்லிவிட வேண்டும். கேள்வி எல்லாம் அதன் பிறகுதான்.

திட்டு நிறைய விழுந்தது. “ஏனப்பா, போலீசு வேலைக்குச் சேந்துட்டியா?” என்றார் ஒருவர். இன்னொருவர், “மோரு குடிச்ச வாயி இன்னும் காயல, அதுக்குள்ள உளவு பாக்க வந்துட்டான்” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஒரு ஆலையில் காவல்காரர் உள்ளேயே விடவில்லை. அன்று முழுவதும் மதிலுக்கு வெளியே உட்கார்ந்து புகையைப் பார்த்தேன். மறுநாளும் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் அவரே வந்து, “உள்ளாற வந்து தொலைங்க. ரோட்டுல போறவங்க எல்லாம் பிச்சைக்காரன் உக்காந்திருக்கான்னு கேக்கறாங்க” என்றார்.

சென்னியப்பனிடம் போனபோதுதான் அதிகக் கஷ்டம். அவர் திட்டவில்லை. நான் பார்த்ததை எல்லாம் சொன்னேன். அவர் வேட்டி நுனியை நீவிவிட்டார். “அட்டையில எம்படம் வருமுன்னு பேத்திகிட்டச் சொல்லிட்டேன் சாமி” என்றார். படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ஆலைக்காரர் கையெழுத்து இல்லாமல் அந்த ஆலையின் பெயரை நாங்கள் அச்சிட முடியாது.

ஆய்வில் இருந்த ஆலைகளில் பெரும்பாலானவற்றில் தொட்டி உறங்கிக் கிடந்தது. ஏன் என்பது பாய்லர் வேலையாட்களிடம் பேசியபோதுதான் தெரிந்தது. கிழங்கு வரத்து நின்றுபோனால் ஆலை நிற்கும். தொட்டிக்குள் தண்ணீர் போகாது. உள்ளே இருக்கும் கிருமிகள் பட்டினியால் செத்துப்போகும். அடுத்த பருவம் தொடங்கியதும் ஒரேயடியாகப் புளித்த தண்ணீர் உள்ளே விழும். மிச்சம் இருப்பதும் சாகும். கட்டித் தந்தவர்கள் கட்டத்தான் சொல்லித் தந்தார்கள். உயிரோடு வைத்திருக்க யாரும் சொல்லித் தரவில்லை.

ராசிபுரம் பக்கம் ஒரு ஆலையில் மட்டும் புகையே வரவில்லை. சாக்கடைத் தண்ணீர் தெளிவாக வந்தது. உள்ளே போனால் தொட்டியின் பக்கம் ஒரு அம்மா வாளியில் எதையோ கரைத்துக்கொண்டிருந்தார். முதல் தடவை நான் போனபோது அவரைப் பார்க்கவில்லை.

“நீங்க போன தடவை இங்க இல்லீங்களே” என்றேன்.

“பெரிய மனுசரு வாராரு, சாணி வாளியோட நிக்காதேன்னு களத்துக்கு அனுப்பிட்டாங்க” என்றார் அவர். பெயர் பாவாயி. “நீங்கதானா அந்தப் பெரிய மனுசரு?” என்று கேட்டு என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார்.

ஆலை நிற்கிற மாதங்களிலும் அவர் வாரம் இரண்டு முறை சாணியையும், கிழங்குச் சக்கையான திப்பியையும் கரைத்துத் தொட்டியில் ஊற்றுவார். பருவம் தொடங்கினால் புதுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்வார். புளிப்பு நாற்றம் கிளம்பினால் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றுவார். யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன்.

“மாட்டுக்குத் தீனி மாத்துனா ஒரேடியாவா மாத்துவீங்க? வயித்தால போயிருமில்ல? இதுக்கும் வயிறுதானுங்க.”

அவர் சொன்னதை அவர் சொல்லிலேயே படிவத்தில் எழுதினேன்.

எல்லாம் முடிந்த பிறகு ஆலைக்காரர்களை நாமக்கல்லில் ஒரு மண்டபத்துக்கு மேடம் வரவழைத்தார். அறிக்கையில் என்ன வரப்போகிறது என்பதை முதலில் அவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆலைக்காரர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பாவாயியையும் வரச் சொல்லியிருந்தேன். அவர் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவர் ஓரம் நின்றார். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. மேடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, மீதியை ராசு சொல்வார் என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்.

மைக் பக்கத்தில் என் மூச்சுச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

“நான் சொல்லிட்டு வந்தேனுங்க. நீங்க ரெடி பண்ணி வெச்சீங்க. நான் அதப் பாத்துட்டு ஓடுதுன்னு எழுதிட்டேனுங்க. உங்க மேல தப்பில்லீங்க. இப்ப நான் பாத்தது வேறங்க. அத எழுதினா உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும். எழுதாமப் போனா இன்னும் நெறைய பேரு கடன் வாங்கிக் கட்டி, அதுவும் ஓடாமக் கெடக்கும். நான் அத எழுதித்தானுங்க ஆகணும்.”

சலசலப்பு எழுந்தது. “அஞ்சாங் கிளாசு படிச்சவன் சொல்றத வெச்சு ரிப்போர்ட்டு போடறீங்களா மேடம்?” என்று ஒருவர் எழுந்து கேட்டார். மேடம் பதில் சொல்ல வாய் திறந்தார். அதற்குள் நானே சொல்லிவிட்டேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியாது.

“அஞ்சாங் கிளாசுதானுங்க. நம்ப வேண்டாமுங்க. நாளைக்கு நீங்களே எங்கூட வாங்க. எந்த ஆலைக்குன்னு நான் சொல்ல மாட்டேன். பஸ்ஸுல ஏறுன பொறகு சொல்றேன்.”

கொஞ்சம் சிரிப்பு. யாரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. யாரும் கையெழுத்துப் போடவும் எழவில்லை. அப்படியே கலைந்துபோய்விடுவார்கள் என்று நினைத்தேன். அப்போது நடு வரிசையில் சென்னியப்பன் எழுந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அடங்கிய குரலில் பேசினார்.

“என்ற மில்லு பேர எழுதிக்க சாமி. ஓடலைன்னே எழுது. நாங் கையெழுத்துப் போடறேன்.”

அவர் மேடை வரை நடந்து வந்தார். படிவத்தை வாங்கி நின்றபடியே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு மைக்கை நோக்கிக் குனிந்தார். “ஓடறது எதுன்னு சொன்னீன்னா போய்ப் பாத்துப் பழகிக்குவோம்” என்றார்.

நான் கையை நீட்டிச் சுவர் ஓரம் காட்டினேன். நாற்காலிகள் எல்லாம் திரும்பின. பாவாயி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். இத்தனை ஆலைக்காரர்கள் ஒன்றாக ஒரு கூலிக்காரப் பெண்ணைத் திரும்பிப் பார்த்து உட்கார்ந்திருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒவ்வொருவராக எழுந்து வந்து கையெழுத்துப் போட ஆரம்பித்தார்கள். எல்லோரும் போடவில்லை. சிலர் வெளியே போய்விட்டார்கள். போட்டவர்கள் போதும் என்கிற அளவுக்குப் போட்டார்கள்.

சென்னியப்பன் மேடையிலிருந்து இறங்கிப் பாவாயி நின்ற இடத்துக்கே போனார். “நாளைக்கு வரலாமுங்களா?” என்று கேட்டார். வேறு ஆலையின் தொழிலாளியிடம், அதுவும் ஒரு பெண்ணிடம் அவர் அனுமதி கேட்கிறார். பாவாயி கூச்சப்படவில்லை.

“வாங்க. ஆனா வெறுங்கையோட வராதீங்க. ஆளுக்கொரு வண்டி சாணி வேணும்.”

மண்டபமே சிரித்தது. சென்னியப்பனும் சிரித்தார். மறுநாள் காலை ராசிபுரம் ரோட்டில் இரண்டு டிராக்டர்கள் சாணியோடு நின்றன. முன் டிராக்டரில் அவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார். சாயங்காலம் திரும்பியபோது அது வெள்ளையாக இல்லை.

ஆடி மாதம் பத்தொன்பதாம் தேதி எழுதி முடித்தேன்.